நான் விட்ட ஏழாவது பத்தி

இரண்டு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றுதான் நிலானி கேட்டாள். மெல்போர்னின் தென்கிழக்கில் ஒரு கவுன்சிலில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே பழைய ஆவணங்கள் இருக்கும் அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. பெற்றோர் யாழ்ப்பாணம், இவள் பிறந்தது இங்கே. எங்கள் பகுதிக்கும் வெர்லாங்கூர் என்கிற சின்ன பிரெஞ்சு ஊருக்கும் உள்ள நட்பைப் பற்றி கவுன்சில் ஒரு மலர் போடுகிறதாம்.

"அங்கிள், அந்த ஊர்க் கடிதமெல்லாம் நீங்கள்தானே மொழிபெயர்த்தனீங்கள். உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது, இத்தனை நாளில் கவுன்சிலிலிருந்து வந்தது நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லும் கடிதம் மட்டும்தான். அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். ஒரு வரி விடாமல், ஒரு வார்த்தை கூட்டாமல் மொழிபெயர்த்தவன் என்று என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டேன். வெட்கக்கேடு!

பத்து நாள் கழித்து மறுபடி அழைத்தாள். குரலில் தயக்கம்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. பழைய கடிதங்களை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரிட்டக் குடுத்தனாங்கள். இப்ப அதுவே மொழிபெயர்க்கும். ஒரு கடிதத்தில மட்டும் ஏழாம் பந்தி உங்கட தாளில இல்லை. கம்ப்யூட்டர்தான் பிழை விட்டுதோ எண்டு பாத்தன். இல்லை அங்கிள், பிரெஞ்சில இருக்கு."

"கம்ப்யூட்டர் சரிம்மா. பிழை என்னோடது" என்றேன்.

பிழை என்று சொன்னதும் பொய்தான். தெரிந்தே செய்ததற்குப் பெயர் பிழை இல்லை. எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் நிலானியின் பாடு.

வெர்லாங்கூர் பிரான்சின் வடக்கே இருக்கிறது. நாலைந்து தெரு, செங்கல்லில் கட்டிய ஒரு கோயில், ஒரு சர்க்கரை ஆலை, சுற்றிலும் பீட்ரூட் வயல். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்த ஊரை ஆஸ்திரேலியப் பட்டாளம் மீட்டது. அந்தப் பட்டாளத்தில் எங்கள் பகுதிப் பையன்கள் நிறையப் பேர். அப்போது எங்கள் பகுதியே காய்கறித் தோட்டமும் ஆப்பிள் மரமுமாக இருந்ததாம். பலர் அந்த மண்ணிலேயே கிடக்கிறார்கள். போர் முடிந்து சனங்கள் திரும்பிப் போனபோது ஊர் என்று ஒன்றில்லை, செங்கல் குவியல்தான். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் சேர்ந்து ஓர் இரும்புக் கைப்பம்பு வாங்கி அனுப்பினார்கள். அது இன்றும் அங்கே நகரசபை வாசலில் நிற்கிறது. எங்கள் பகுதியின் பெயர் அதில் வார்ப்பாகவே இருக்கிறது. அங்கே ரொட்டிக் கடைப் பலகையில் கங்காரு உண்டு, ஒரு தெருவுக்கு மெல்போர்ன் என்று பெயர். வருடம் தவறாமல் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வரும், இங்கிருந்து ஒன்று போகும்.

அந்தக் கடிதங்கள் என் கைக்கு வந்ததற்குக் காரணம் நான் காரைக்கால்காரன் என்பது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, பிறகு புதுச்சேரியில் படிப்பு, பிறகு இங்கே வந்து ஒரு பெட்டித் தொழிற்சாலை, பிறகு கவுன்சிலில் கோப்பு தள்ளும் குமாஸ்தா. அவ்வளவுதான் என் முன்கதை. என் குடும்பப் பெயர் ரிவியேர். அதைப் பார்த்துத்தான் ஆவண அறைத் தலைவி மார்கரெட் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்தப் பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை ஆண்டபோது, சாதி வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு குடும்பப் பெயர் கிடைக்கும். எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் போய் நின்றார்களாம். குமாஸ்தா பதினோரு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு எல்லோருக்கும் ரிவியேர் என்று எழுதிவிட்டான் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் பதினோரு வீட்டைத் தவிர காரைக்காலில் வேறு ரிவியேர் கிடையாது. தெருவின் பெயர் கீழச்சேரி. சேரி என்றால் என்னவென்று தமிழில் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெல்போர்னில் நான் அந்தத் தெருப் பெயரைச் சொன்னதில்லை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது, "காரைக்கால்ல எங்க?" என்று யாராவது கேட்டால், "கோயில் தெரு" என்பேன். கேட்டவர் முகம் இளகும். எனக்கு இன்னொரு டீ கொடுப்பார்கள். ரிவியேர் என்ற பெயர் வேறு துணைக்கு இருந்தது. துரை மாதிரி உலவினேன்.

மார்கரெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். அவர் அறைக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான். கடிதத்தை எடுக்குமுன் கை கழுவித் துடைத்து, விரலை ஒன்றோடொன்று தேய்த்து ஈரமில்லை என்று காட்டவேண்டும். அவருக்கு பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் என் வேலையைச் சரிபார்ப்பார். எப்படி என்றால், நான் மூலக் கடிதத்தின் ஓரத்தில் பத்திகளுக்கு மெல்லிசாக எண் போடவேண்டும். மொழிபெயர்ப்பிலும் அதே எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆள்காட்டி விரலால் எண்ணுவார். "அங்கே ஒன்பது, இங்கே ஒன்பது." பிறகு நான் மொழிபெயர்ப்பை உரக்கப் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும், "இது நிற்கும்" என்பார். பாராட்டு அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். கல்வெட்டு, கல்லறை, பதக்கம் என்று எதில் இருக்கும் பெயரைப் படித்தாலும் ஒருவர் படித்தால் போதாது. இரண்டாவது ஆள் தனியாகப் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். "செத்தவர் வந்து திருத்த மாட்டார்" என்பார்.

கவுன்சிலில் என்னைத் தவிர தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஆரோக்கியராஜ் ஒருவர்தான். சாலைப் பிரிவு இன்ஜினியர், ஊர் திருச்சிப் பக்கம், இங்கே ரோவில் என்ற பகுதியில் வீடு. பூசைக்கு வரும்போது எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். என்னை "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். நல்ல மனிதர், ஆனால் சாதி பார்ப்பார். கோயிலுக்குள் எல்லோரும் ஒன்று என்பார், கல்யாணம் என்று வந்தால் குடும்பம் விசாரிப்பார். அதை அவர் தப்பாகவே நினைக்கவில்லை.

அவருடைய அக்கா மகன் சிட்னியில் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தான். என் மகள் ஜெசியை அவனுக்குக் கேட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் போனில் பேசிப் பழகி, மனசு ஒத்துப்போயிருந்தது. பெரியவர்கள் பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம்தான் வெர்லாங்கூர் கடிதம் வந்தது.

எழுதியது சொலாஞ் என்ற அம்மாள், அந்த ஊர் நகரசபையின் செயலாளர். பதினோரு பத்தி. ஒன்று முதல் ஆறு வரை வழக்கமான சங்கதி, புது மேயர், பள்ளிக்கூடத்துக்குக் கூரை. ஏழாவது பத்தி இது. அன்றைக்குப் படித்தது இன்றும் மனப்பாடம்.

'எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பராமரிக்க ஆளில்லாத கல்லறைகளைச் சட்டப்படி திரும்ப எடுக்கிறோம். அறிவிப்பு ஒட்டி மூன்று வருடம் காத்திருப்போம். அவற்றில் ஒன்று முத்து ரிவியேர் என்பவருடையது. போருக்கு இந்தியாவிலிருந்து எங்கள் படையில் வந்தவர், போர் முடிந்து இங்கேயே தங்கி, பதுங்குகுழிகளை மூடும் வேலை செய்து, பிறகு சர்க்கரை ஆலையில் உலைக்குக் கரி தள்ளினார். ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து கல் வைத்தார்கள். பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே எங்களுக்குப் புரியாத எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர் சாகுமுன் தன் கையால் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துக் கல்தச்சர் வெட்டியதாகச் சொல்கிறார்கள். உங்கள் மொழிபெயர்ப்பாளரின் பெயரும் ரிவியேர் என்று கவனித்தேன். அவரால் படிக்க முடியுமா? ஒரு குடும்பமோ ஓர் ஊரோ தெரிந்தால் கல்லை எடுக்காமல் காப்பாற்றிவிடலாம்.'

புகைப்படம் இணைத்திருந்தார். பாசி படிந்த கல். தமிழ் தெரியாதவன் உளியால் வரைந்த எழுத்து, கொம்பும் காலும் கோணல். ஆனால் ஒரு தமிழ்க் குழந்தைகூடப் படித்துவிடும்.

'காரைக்கால் கீழச்சேரி சூசை மகன் முத்து.'

சந்தோஷம் வந்ததா என்று இப்போது நிலானி கேட்டாள். வரவில்லை. முதலில் வந்தது பயம். இதை மொழிபெயர்த்தால் மார்கரெட் அந்த நிமிடமே சாலைப் பிரிவுக்குப் போன் போட்டு இரண்டாவது ஆளைக் கூப்பிடுவார். ஆரோக்கியராஜ் வருவார், கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார். ரிவியேர் என்பதையும் பார்ப்பார், கீழச்சேரி என்பதையும் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஏழாவது பத்தியை விட்டுவிட்டேன். விட்டால் பத்துதான் வரும், மார்கரெட்டின் விரல் கண்டுபிடித்துவிடும். எட்டாவது பத்தி நீளமானது, பீட்ரூட் திருவிழாவும் பேண்டு வாத்தியக் குழுவும் அதில் இருந்தன. அதை இரண்டாகப் பிரித்துத் திருவிழாவுக்கு ஏழு என்றும் வாத்தியத்துக்கு எட்டு என்றும் எண் போட்டேன். புகைப்படத்தை என் பிரெஞ்சு அகராதிக்குள் செருகினேன். மார்கரெட் எண்ணினார். "அங்கே பதினொன்று, இங்கே பதினொன்று." நான் உரக்கப் படித்தேன், குரல்கூட நடுங்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து, "இது நிற்கும்" என்றார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் எனக்குக் கொடுத்த முறையை வைத்தே அவரை ஏமாற்றினேன்.

ஜெசி கல்யாணம் நன்றாக நடந்தது. ஆரோக்கியராஜ் தாய்மாமனாக நின்று எல்லாம் செய்தார். எனக்கு மாலை போட்டார். மேடையில் நின்றபோது முத்துவின் ஞாபகம் வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. அந்த அளவுக்கு மரத்துப்போயிருந்தேன்.

அடுத்த வருடம் சொலாஞ் அம்மாள் எனக்கென்றே தனியாக ஒரு சிறு தாளை உறைக்குள் வைத்திருந்தார். சென்ற கடிதத்தில் கேட்டதற்குப் பதில் வரவில்லையே, தொந்தரவு என்றால் மன்னிக்கவும் என்று. தனித்தாள் என்பதால் மார்கரெட்டிடம் காட்டவில்லை. நானே பதில் எழுதினேன். அது ஏதோ தென்னிந்திய எழுத்தாக இருக்கலாம், எனக்குத் தெரிந்த மொழி அல்ல, ரிவியேர் என்பது பிரான்சில் எங்கும் இருக்கும் பெயர்தானே என்று. எவ்வளவு அழகான பிரெஞ்சு அது! இலக்கணப் பிழை ஒன்றில்லை.

மூன்று வருடக் கெடு முடிந்தபின் வந்த உறையிலும் எனக்கு ஒரு தனித்தாள், உங்கள் உதவிக்கு நன்றி என்று. கடிதத்தில், கேட்பாரற்ற ஒரு கல்லறையின் எலும்புகளை மரியாதையாக எடுத்துப் பொது எலும்பறையில் வைத்துவிட்டதாகவும், கல்லை உடைத்துக் கல்லறைத் தோட்டத்துப் பாதைக்குப் போட்டதாகவும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். மார்கரெட் கேட்டுவிட்டு, "பாவம், யாரோ" என்றார்.

"ஆமாம், யாரோ" என்றேன் நானும்.

மறு வருடம் மார்கரெட் ஓய்வு பெற்றார். விடைபெறும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் என்னைக் காட்டி, "ஒரு வரி விடாத ஆள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆரோக்கியராஜ் என் தோளைத் தட்டினார். நான் கையில் இருந்த கேக்கைத் தின்றேன். அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை, போய்க் காலில் விழவும் வழியில்லை.

நிலானியிடம் எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டேன்.

"ஓம் அங்கிள்" என்றாள் கடைசியில். "நான் அவையளுக்கு எழுதிப் பாக்கிறன்."

திட்டியிருந்தால் தேவலை.

அன்றே சிட்னிக்கும் போன் போட்டேன். ஜெசியிடம் சொல்ல வாய் வரவில்லை, சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பேச ஆரம்பிச்ச முதல் மாசமே நம்ம தெரு எதுன்னு நான் சொல்லிட்டேன். அவரோட மாமாவுக்குத்தான் சொல்லலை, இவர்தான் வேண்டாம்னார். ஒங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னு நானும் சொல்லலை." பிறகு கேட்டாள். "அந்த ஆளோட கல்லு இப்ப இல்லவே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

அவள் அழுதாள். அவளுக்கு யாரென்றே தெரியாத ஒருவருக்காக.

மூன்று வாரத்தில் வெர்லாங்கூரிலிருந்து பதில் வந்துவிட்டது. சொலாஞ் அம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிய செயலாளர் எழுதியிருந்தார். எலும்பறைப் பதிவேட்டில் 'ரிவியேர், ஊர் தெரியாது' என்று இருக்கிறதாம். உறுதி செய்த வாசகம் வந்தால் சுவரில் பெயர்ப்பலகை வைப்பார்களாம். நிலானி ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். கவுன்சிலின் பழைய படிவம்தான். கல்லில் உள்ள வாசகம், முதலில் படித்தவர், இரண்டாவதாகப் படித்தவர், இறந்தவருக்கு என்ன உறவு. மார்கரெட் போட்ட கட்டங்கள்.

"ரெண்டாவது ஆளுக்கு நான் சரிவரமாட்டன் அங்கிள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும்" என்றாள். "ஸ்பிரிங்வேல் தமிழ்க் கடையில ஆரையும் கேப்பமோ?"

கேட்டிருக்கலாம். மல்லி வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த யோசனை எனக்கு இனித்தது. இனித்ததாலேயே வேண்டாம் என்றேன். அகராதியிலிருந்து புகைப்படத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ரோவிலுக்குப் போனேன்.

ஆரோக்கியராஜும் ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே, வாங்க! சொல்லாம கொள்ளாம!" என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். நான் படத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நான் பல வருடமாகப் பயந்த அதே குரலில் உரக்கப் படித்தார்.

"காரைக்கால்... கீழச்சேரி... சூசை மகன் முத்து." மேலே பார்த்தார். "ரிவியேர்னு போட்டிருக்கே. யாருண்ணே இது, ஒங்க பேர்ல?"

"எங்க தெருக்காரர்."

"நீங்க கோயில் தெருன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். இதுதான் என் தெரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே அவர் மனைவி குழாயைத் திறந்து ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். கடிதம் வந்த வாரத்திலிருந்து கல் உடைந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளைங்க கல்யாணத்துக்காகவா?"

"ஆமா."

"அப்போ தெரிஞ்சிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "இல்லேன்னு சொன்னா, நானும் பொய் சொன்னதா ஆயிடும்."

படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பென்சில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மார்கரெட்டின் விதி அவருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாவதாகப் படித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசல்வரை வந்தார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு பூசையில் எங்கே உட்காருவார் என்று எனக்குத் தெரியாது.

காரில் உட்கார்ந்து மீதிக் கட்டத்தைப் பார்த்தேன். இறந்தவருக்கு என்ன உறவு. முத்து எனக்குப் பெரியப்பனா, தாத்தாவின் பங்காளியா, வெறும் எதிர்வீட்டுக்காரரா, எனக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் இருந்தபோது நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாத நாட்டில் உலைக்குக் கரி தள்ளிச் சாகப்போகிறவர், எவனுக்கும் படிக்கத் தெரியாத ஊரில், தன் தெருப் பெயரைக் கல்லில் வெட்டு என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவன் படிக்கத் தெரியாது என்றான்.

பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தில் 'ஒரே தெரு' என்று எழுதினேன். கீழே தெருவின் பெயரையும் எழுதினேன்.